அத்தியாயம் 9: மிச்சமாகும் பணம் யார் பைக்குப் போகிறது?

ஃப்ளீட் சார்ஜிங், அதாவது கம்பெனி வண்டிகளுக்கு மொத்தமாகச் சார்ஜ் ஏற்றும் தொழிலில் இருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், மின்கட்டணத்துக்கு அடுத்தபடியாக இப்போது பேசுவது ஏஐயைப் பற்றித்தான். “எல்லாத்தையும் அதுவே பாத்துக்குமாம். அப்புறம் நம்மள எதுக்குக் கூப்பிடப் போறாங்க?” என்பார் ஒருவர். “கன்னை மாட்ட ஆள் வேணும்ல” என்று சிரிப்பார் மற்றவர். முதலாமவரின் பயமும் அரைகுறை, இரண்டாமவரின் தைரியமும் அரைகுறை. கன் மாட்டுகிற வேலையை மட்டும் நம்பிச் சார்ஜிங் யார்டு நடத்தினால் மிஞ்சுவது காவலாளிச் சம்பளம்.

இடம் பிடிப்பது, இணைப்பு வாங்குவது, சார்ஜர் தேர்ந்தெடுப்பது பற்றியெல்லாம் முன் அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். செயற்கை நுண்ணறிவு எல்லோர் கைக்கும் வந்த பிறகு அந்த யார்டின் வருமானத்தில் எது கரையும், எது நிற்கும், நிற்பதை எப்படிப் பெருக்குவது என்பதுதான் இங்கே விஷயம்.

ஓர் இரவின் கணக்கு

பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே ஒரு யார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிடங்குகளுக்குச் சரக்கு அடிக்கும் 40 சிறிய நான்கு சக்கர லோடு வண்டிகள் இரவில் அங்கே வந்து நிற்கின்றன. இந்த ரகத்தில் டாடா ஏஸ் ஈவியின் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளும். எந்த டிரைவரும் பேட்டரியை முழுக்க வற்றவிட்டு வரமாட்டார் என்பதால், வண்டிக்குச் சராசரியாக 15 யூனிட் ஏற்ற வேண்டியிருக்கும். 40 வண்டிக்கு 600 யூனிட். சூடாகி வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 660.

எல்லா வண்டியும் இரவு 8 மணிக்கு வந்து, வந்த வேகத்தில் 3.3 கிலோவாட்டில் சார்ஜ் ஏறத் தொடங்கினால் ஒரே நேரத்தில் 132 கிலோவாட் இழுக்கும். எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, நடப்பு விதியில் அது எவ்வளவு என்று பாருங்கள். அதைத் தாண்டினால் ஹெச்.டி. (உயரழுத்த) இணைப்பு வாங்க வேண்டும். அதோடு சொந்த டிரான்ஸ்பார்மர், அதற்கு ஓர் அறை, மாதாமாதம் கே.வி.ஏ. கணக்கில் டிமாண்ட் கட்டணம் எல்லாம் வரும். அதே 660 யூனிட்டை இரவு 8 முதல் காலை 5 வரை ஒன்பது மணி நேரத்துக்குப் பரப்பினால் தேவைப்படுவது சுமார் 73 கிலோவாட். எல்.டி.யிலேயே வேலை முடிந்துவிடும்.

எந்த வண்டி எப்போது கிளம்பும், எதற்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து மின்சாரத்தைப் பங்கிடும் இந்த வேலைக்கு ‘ஸ்மார்ட் சார்ஜிங்’ என்று பெயர். சில வருடங்களுக்கு முன்புவரை இது பெரிய வித்தையாக விற்கப்பட்டது. சார்ஜருக்கு இவ்வளவு என்று மாத வாடகை வாங்கினார்கள். இன்றைக்கு நிரல் எழுதத் தெரிந்த ஒரு பையன், ஏஐ உதவியோடு, இந்தப் பங்கீட்டைச் செய்யும் நிரலைச் சில நாளில் எழுதிவிடுவான். ஃப்ளீட் முதலாளியின் ஆபீஸிலேயே அப்படியொரு பையன் இருந்தால் உங்கள் மென்பொருள் வாடகை அன்றோடு சரி.

எது கரையும்

மென்பொருள் மட்டுமில்லை. மாதாந்திர அறிக்கை, மின்கட்டண ரசீதைச் சரிபார்ப்பது, டெண்டருக்கு நூறு பக்கம் எழுதுவது, “சார்ஜர் 14 ஏன் சிவப்பா எரியுது?” என்று நடுராத்திரி வரும் போனுக்கு முதல் பதில் சொல்வது, புதிய யார்டுக்கு எந்த ஏரியா சரிப்படும் என்று அலசுவது, இவையெல்லாம் மலிவாகிக்கொண்டே போகும். இவற்றைத் தனித்தனியாகக் காசுக்கு விற்பவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தக் கரைசல் ஏஐக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஃப்ளீட் சார்ஜிங் மென்பொருள் செய்த எலக்ட்ரிஃபை என்ற அமெரிக்க நிறுவனத்தை 2021 ஜூனில் ஃபோர்டு வாங்கியது. ஆம்ப்ளி பவரை அதே வருடம் டிசம்பரில் பி.பி. வாங்கியது. அதற்கு முன்பே, 2019இல், கிரீன்லாட்ஸ் ஷெல்லிடம் போயிருந்தது. வண்டி விற்பவர்களும் எண்ணெய் விற்பவர்களும் மென்பொருளைத் தங்கள் சரக்கோடு சேர்த்துக் கொடுக்கும் இனாமாக ஆக்கிக்கொண்டார்கள். தனிப் பண்டமாக அது நிற்பது அப்போதே கஷ்டமாகிவிட்டது. ஏஐ வந்து அந்தக் கஷ்டத்தை முடித்துவைக்கிறது, அவ்வளவுதான்.

யூனிட் வாங்கி யூனிட் விற்பதும் அதே ரகம். வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஒரு சேவை, அதற்கு 2003ஆம் வருட மின்சாரச் சட்டப்படி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பக்கத்து மனையில் இன்னொருவர் யார்டு போட்டு, யூனிட்டுக்கு ஐம்பது பைசா குறைத்தால் உங்களிடம் பதில் இருக்காது. விலையை ஒப்பிட்டு வண்டியைத் திருப்பிவிடும் வேலையை ஏஐ ஏஜென்ட்டுகள் செய்ய ஆரம்பித்துவிட்டால், அந்த ஐம்பது பைசா வித்தியாசம் ஒருநாள்கூடக் கண்ணில் படாமல் போகாது.

கம்பியில் வராத தகவல்

விற்பனைக்காரர்கள் பேசாத ஒரு விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சி.சி.எஸ்.2 போன்ற டி.சி. சார்ஜரில் கன்னை மாட்டியதும் வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன. பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை வண்டி சொல்லிவிடுகிறது. ஆனால் இரவெல்லாம் நிற்கும் சரக்கு வண்டிகளுக்கு டி.சி. சார்ஜர் வீண்செலவு. பெரும்பாலும் ஏ.சி. சார்ஜர்தான், மூன்று சக்கர வண்டி என்றால் 16 ஆம்பியர் பிளக்தான். சாதாரண ஏ.சி. சார்ஜிங்கில், ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்று சார்ஜர் வண்டிக்குச் சொல்லும். ‘என்னிடம் இவ்வளவு இருக்கிறது’ என்று வண்டி திருப்பிச் சொல்லாது. பிளக் பாயின்ட்டில் அந்த ஒருவழிப் பேச்சும் கிடையாது.

ஆகவே எவ்வளவு பெரிய ஏஐயாக இருந்தாலும், ஏ.சி. கம்பி வழியாகப் பார்த்தால் அதற்குத் தெரிவது ஒன்றுதான்: இந்த வண்டி இப்போது இத்தனை ஆம்பியர் இழுக்கிறது. அதில் 20 சதவீதம் இருக்கிறதா 70 இருக்கிறதா என்பது தெரியாது. தெரியாமல் பங்கிட்டால், அரைவாசி நிரம்பிய வண்டிக்கு முதலில் ஊற்றிவிட்டு, காலி வண்டியைக் காலை மூன்று மணிக்குத் தொடும்.

சதவீதம் வேறு இரண்டு வழிகளில் கிடைக்கலாம். ஒன்று, வண்டியின் தகவலை வெளியே அனுப்பும் டெலிமேட்டிக்ஸ் கருவி. அதன் சாவி வண்டி தயாரித்த நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் தகவலைத் திறந்துவிட்டால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. நாளைக்கு அவர்களே ஏஐ வைத்துச் சார்ஜிங் சேவை தொடங்கினால் உங்களுக்கு எதற்குத் தரப்போகிறார்கள்? உங்களுடைய உண்மையான போட்டியாளர் இந்தச் சாவியை வைத்திருப்பவர். ஏஐ அவர் கையில் இருக்கும் ஒரு கருவி. அதனால், ஃப்ளீட் முதலாளி புதிய வண்டிகளுக்கு ஆர்டர் போடும்போதே, வண்டித் தகவலை, தான் கைகாட்டும் மூன்றாம் நபருக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்ற ஒரு வரியைப் பர்ச்சேஸ் ஆர்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டி வந்து சேர்ந்த பிறகு கேட்டால் நடக்காது. ஐம்பது வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் நேரத்தில் கேட்டால் டீலர் மறுப்பதற்கு யோசிப்பார்.

இன்னொரு வழி, யார்டு சூப்பர்வைசரின் நோட்டு. வண்டி கேட்டுக்குள் வரும்போது மீட்டரைப் பார்த்து சதவீதம், கிலோமீட்டர், டிரைவர் பெயர், நாளைக்குக் கிளம்பும் நேரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்வது. போனில் ஒரு படிவம் போட்டுக் கொடுத்தால் அரை நிமிட வேலை. ஆறு மாதம் விடாமல் குறித்தால், வேறு எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து வாங்க முடியாத ஒரு பதிவு உங்களிடம் சேர்ந்துவிடும். எந்த வண்டி எந்த ரூட்டில் எவ்வளவு தின்கிறது, மே மாத வெயிலில் எவ்வளவு கூடுகிறது, எந்த வண்டியின் பேட்டரி இறங்கிக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை ஏஐயிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அப்போது ஏஐ உங்கள் பக்கம் நிற்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சரக்கு வண்டிகளில் இப்போது நிறைய வருவது எல்.எஃப்.பி. வகை பேட்டரி. இந்த வகையில் சார்ஜின் நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் சதவீதத்தைக் கணிப்பது சிரமம். அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் மீட்டர் தன்னைச் சரிசெய்துகொள்ளும். செலவைக் குறைக்கச் சொன்னால் குறைப்பதிலேயே குறியாக இருக்கும் ஒரு நிரல், எல்லா வண்டியையும் தினமும் 80இல் நிறுத்திவிடும். காகிதத்தில் அருமையாக இருக்கும். சில வாரம் கழித்து, மீட்டர் 15 காட்டிக்கொண்டிருக்கும்போதே மதுரவாயல் மேம்பாலத்தில் ஒரு வண்டி நின்றுவிடும். ‘வாரம் ஒருமுறை ஃபுல்’ என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் சூப்பர்வைசருக்கு இது தெரியும். தயாரிப்பாளரின் கையேட்டைப் படித்து, அந்த விதியை நிரலுக்குள் நீங்கள்தான் போட வேண்டும்.

அக்ரிமென்ட்டில் இருக்கிறது சூட்சுமம்

ஏஐ வந்தால் செலவு குறையும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. குறைந்த பணம் யார் பைக்குப் போகிறது என்பதை ஏஐ முடிவு செய்யாது. நீங்களும் ஃப்ளீட் முதலாளியும் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்தான் முடிவு செய்யும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கட்டணத்தை அப்படியே வாடிக்கையாளர் தலையில் ஏற்றி, மேலே சேவைக் கட்டணம் வாங்கும் அக்ரிமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏஐ வைத்து மின்கட்டணத்தை இருபது சதவீதம் குறைத்தால் அந்த இருபதும் அவருக்கே. உங்களுக்கு ஒரு நன்றி கிடைக்கலாம். யூனிட் கணக்கு அக்ரிமென்ட்டிலும் இதே கதைதான், அடுத்த பேரத்தில் அவர் விலையைக் குறைத்துவிடுவார். ‘காலை 6 மணிக்கு வண்டி கிளம்பத் தயாராக இருக்கும், இல்லையென்றால் அபராதம் கட்டுகிறேன்’ என்ற அக்ரிமென்ட்டில் மட்டும் கதை மாறுகிறது.

கணக்கைப் பாருங்கள். 40 வண்டி, மாதம் 26 நாள் என்றால் 1,040 காலைகள். நூற்றுக்கு ஒரு தவறு என்ற கணக்கில் மாதம் பத்து காலைகளில் வண்டி தயாராக இருக்காது. ஒரு வண்டியின் ஒருநாள் வாடகை நஷ்டம் 1,500 ரூபாய் என்று வைத்தால் அபராதம் 15,000. இதை ஈடுகட்ட வண்டிக்கு மாதம் 400 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறீர்கள். 40 வண்டிக்கு 16,000. வாடிக்கையாளருக்கு அது ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரி என்பதால் யோசித்துவிட்டுச் சம்மதிப்பார். இப்போது ஏஐயையும் சூப்பர்வைசரின் நோட்டையும் சேர்த்து வைத்துத் தவறுகளைப் பத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறீர்கள். அபராதம் 3,000தான். மீதி 13,000 உங்களுடையது. அதே ஏஐ, அதே யார்டு, அதே 40 வண்டி, ஆனால் மிச்சம் போகும் பை வேறு.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து இறக்கிய 120 மின்சாரப் பேருந்துகள் கிலோமீட்டர் கணக்கில்தான் ஓடுகின்றன. வண்டி, டிரைவர், பராமரிப்பு, சார்ஜிங் எல்லாம் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. கண்டக்டர் மட்டும் கழகத்தின் ஆள். பஸ் ஓடினால் பணம். சார்ஜ் ஏறாமல் டிப்போவில் நின்றால் பணம் இல்லை. 2022இல் மத்திய அரசு நிறுவனமான சி.இ.எஸ்.எல். ஐந்து நகரங்களுக்காக விட்ட 5,450 பேருந்து டெண்டரும் இதே பாணிதான். அரசாங்கமே ஓடிய கிலோமீட்டருக்குத்தான் காசு கொடுக்கும்போது, நாம் ஏன் இன்னும் யூனிட் விற்றுக்கொண்டிருக்க வேண்டும்?

அபராதம் என்றதும் பயந்துவிடாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிடாதீர்கள். மாத அபராதத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். ஒப்புக்கொண்ட நேரத்துக்குப் பிறகு வந்த வண்டி, பேட்டரிக் கோளாறு உள்ள வண்டி, இத்தனை மணி நேரத்துக்கு மேல் நீடித்த மின்தடை, வெள்ளம் ஆகியவற்றை வெளியே வையுங்கள். தகராறு வந்தால் எந்தப் பதிவு சாட்சி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்: சார்ஜரின் பதிவும், வண்டி நுழைந்தபோது டிரைவர் போனில் ஒப்புக்கொண்ட சதவீதமும். “நான் எட்டு மணிக்கே வந்துட்டேன்” என்று மறுநாள் சொல்லும் டிரைவரோடு மல்லுக்கு நிற்பதைவிட இது சுலபம்.

இந்த மாதிரிப் பொறுப்பை ஏஐ ஏற்காது. அதை விற்கும் நிறுவனமும் ஏற்காது. அவர்களுடைய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள், எந்த நஷ்டத்துக்கும் பொறுப்பில்லை என்று நீளமாக எழுதியிருப்பார்கள். நஷ்டத்துக்குப் பொறுப்பேற்கிறேன் என்று சொல்லும் இடம் காலியாக இருக்கிறது. அங்கே போய் உட்காருங்கள்.

பகல் மின்சாரமும் டிரைவரின் சாப்பாடும்

இரவு மின்சாரம்தான் மலிவு என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள். மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட சார்ஜிங் வழிகாட்டுதலின்படி, காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரியசக்தி நேரத்தில் சார்ஜிங் நிலையத்துக்கு வழங்கும் மின்சாரத்தின் விலை, சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கு. மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம். மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவுதான் உங்கள் ரசீதில் வருவதைத் தீர்மானிக்கும் என்பதால், நடப்பு உத்தரவையும் உங்கள் இணைப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதையும் சரிபாருங்கள். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு.

பகலில் வண்டி ரோட்டில் அல்லவா இருக்கும்? ஆம். மதியம் ஒரு மணி வாக்கில் முதல் டிரிப் முடிந்து வண்டி ஓய்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அதை யார்டுக்குள் கொண்டுவந்தால் மலிவான மின்சாரம் ஏறும். இந்த யோசனையை ஏஐயிடம் கேட்டால் அரை நொடியில் சொல்லிவிடும். வண்டியை யார்டுக்குள் கொண்டுவர அதனால் முடியாது. டிரைவர் வழக்கமாகச் சாப்பிடும் கடை வேறு பக்கம் இருக்கிறது, அங்கே அவருக்கு நிழல் உண்டு, பேச்சுத் துணை உண்டு. அவர் உங்கள் யார்டுக்கு வர வேண்டும் என்றால் அங்கே தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, நியாய விலையில் சாப்பாடு இருக்க வேண்டும். இருபது நிமிடம் கண்ணயர ஒரு திண்ணை இருந்தால் இன்னும் நல்லது. சில லட்ச ரூபாய் முதலீடு. இந்தத் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் முதலீடு வேறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், முதலீட்டாளர்களுக்குக் காட்டும் திட்ட அறிக்கைகளில் கழிப்பறைக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வழக்கமாகக் காலை 9 முதல் மதியம் 2 வரைதான் வரும். மலிவு நேரத்தின் பெரும்பகுதி அன்றைக்குப் போய்விடும். ஈ.பி. அறிவிப்பு வந்ததும் முதல்நாள் இரவே ஏற்றிவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஏரியாவின் லைன்மேனும் உதவிப் பொறியாளரும் உங்களை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு அறிமுகமாக இருங்கள்.

ஒரே வாடிக்கையாளர் என்ற ஆபத்து

ஏஐயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணில் படாது. டெல்லி வட்டாரத்திலும் பெங்களூரிலும் மின்சார டாக்சி ஓட்டிய புளூஸ்மார்ட் நல்ல பெயர் எடுத்த நிறுவனம். அதற்கு வண்டிகளைக் குத்தகைக்குக் கொடுத்தது ஜென்சோல். ஜென்சோலும் அதன் முதலாளிகளும் கடன் பணத்தை வேறு காரியங்களுக்குத் திருப்பிவிட்டதாக 2025 ஏப்ரல் 15 அன்று செபி இடைக்கால உத்தரவு போட்டது. 6,400 வண்டிக்கு வாங்கிய கடனில் 4,704 வண்டிகளே வாங்கப்பட்டதாக அந்த உத்தரவு சொன்னது. அதே வாரத்தில் டாக்சி சேவை நின்றது. அந்த வண்டிகளை நம்பிப் போட்ட சார்ஜிங் மையங்களின் வேலையும் அதோடு நின்றது. நல்ல மென்பொருளோ கெட்டிக்கார ஏஐயோ இருந்திருந்தால் அந்த மையங்கள் பிழைத்திருக்குமா? வண்டியே வராத யார்டில் பங்கிட என்ன இருக்கிறது?

என் கட்சி இது: மொத்த இடத்தில் பாதிக்கு மேல் ஒருவருக்குக் கொடுக்காதீர்கள். அவரே கேட்டு வற்புறுத்தினால், வண்டி வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தபட்சக் கட்டணம், மூன்று மாத முன்பணம் இரண்டையும் வாங்குங்கள். நில லீஸ் பத்து வருடம், வாடிக்கையாளர் அக்ரிமென்ட் ஒரு வருடம் என்று இருந்தால் மீதி ஒன்பது வருடத்தை நீங்கள் தனியாகச் சுமக்கிறீர்கள். சார்ஜர்களில் சிலவற்றை, இரவு சரக்கு வண்டியும் பகலில் டாக்சியும் பயன்படுத்தும்படி அமையுங்கள். பகல் மலிவு நேரத்துக்கும் அது ஒத்துப்போகும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தாழ்வான இடத்தில் லீஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இருக்கிறது. பேனலையும் சார்ஜரையும் 2015, 2023 வெள்ள மட்டங்களுக்கு மேலே ஏற்றிவைக்கப் பீடம் கட்டுங்கள். அதற்கான செலவையும் சேர்த்த பிறகு லீஸ் மலிவா என்று பாருங்கள்.

ஏஐ விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

இத்தனைக்கும் பிறகு, ஏஐ வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்குங்கள். ஆனால் விற்க வருபவர் திரையில் பச்சை, நீலக் கோடுகளைக் காட்டும்போது மயங்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள்.

இன்டர்நெட் போனால் என்ன ஆகும்? இதுதான் முதல் கேள்வி. பல மென்பொருள்கள் எங்கோ ஒரு சர்வரில் இருந்துகொண்டு நிமிடத்துக்கு நிமிடம் உத்தரவு போடுகின்றன. சிம் கார்டு சிக்னல் விட்டுப்போனால் சார்ஜர்கள் தத்தம் முழு வேகத்துக்குத் திரும்பிவிடலாம். 40 சார்ஜரும் ஒரே நேரத்தில் முழு வேகம் எடுத்தால் மெயின் பிரேக்கர் விழும். இரவு இரண்டு மணிக்கு விழுந்தால் காலை வரை யாருக்கும் தெரியாது. சார்ஜருக்குள்ளேயே ஓர் இயல்பு வரம்பைச் சேமித்து வைக்க, சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான பொது மொழியான ஓ.சி.பி.பி.யில் வசதி இருக்கிறது. 40 சார்ஜரின் வரம்புகளையும் கூட்டினால் உங்கள் சாங்ஷன் லோடுக்குள் (அனுமதிக்கப்பட்ட மின்சுமை) அடங்கும்படி அதை அமைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு அவர் முன்னாலேயே சிம் கார்டைக் கழற்றிப் பாருங்கள். சோதித்துக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

மென்பொருளை மாற்ற வேண்டும் என்றால் முடியுமா? அதற்கும் கைகொடுக்க வேண்டியது அதே ஓ.சி.பி.பி.தான். அதன் 1.6 பதிப்பு 2015இல் வந்தது, 2.0.1 பதிப்பு 2020இல். ‘எங்கள் சார்ஜர் ஓ.சி.பி.பி. ஆதரிக்கும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். சர்வர் முகவரியை மாற்றும் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சார்ஜர் விற்ற எனெல் எக்ஸ் வே 2024 அக்டோபரில் அங்கே கடையை மூடியது. ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான அவகாசம் மட்டுமே கொடுத்து அதை அறிவித்தது. வீட்டு சார்ஜர்கள் வெறும் சார்ஜராகவாவது மிஞ்சின. மென்பொருளை நம்பியிருந்த வணிக நிலையங்களின் பாடு திண்டாட்டம். அவர்கள் வாங்கியது சார்ஜர், அதன் சாவி வேறொருவர் கையில் இருந்திருக்கிறது.

இதனால் என் ரசீது எவ்வளவு குறையும், குறையாவிட்டால் நீங்கள் என்ன தருவீர்கள்? மென்பொருள் இல்லாத மாதத்தின் ரசீதையும் இருந்த மாதத்தின் ரசீதையும் வண்டிக் கணக்கு, கிலோமீட்டர் கணக்கோடு அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டணத்தை மிச்சத்தில் பங்காக வாங்கிக்கொள்ளத் தயாரா என்று கேளுங்கள். தயங்காமல் சம்மதிப்பவர் தன் சரக்கை நம்புகிறார்.

என் யார்டின் பதிவு யாருக்குச் சொந்தம்? உங்கள் வண்டிகளின் தகவலைக் கொண்டு தங்கள் ஏஐயைப் பழக்கி, அதையே பக்கத்து யார்டுக்கு விற்பதற்கு அனுமதி தரும் ஒரு வரி ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கும். அதை அடித்துவிடுங்கள். அடிக்க மறுத்தால் அந்தத் தகவலுக்கு விலை கேளுங்கள்.

சார்ஜர்களின் முதல்நாள் கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. யார்டில் உள்ள ஒவ்வொரு சார்ஜருக்கும் நிர்வாகக் கடவுச்சொல், சர்வர் முகவரி, அதை மாற்றும் வழி, உள்ளே சேமித்திருக்கும் மின்வரம்பு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியாத கட்டங்கள் இருந்தால் விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அடுத்த பராமரிப்புத் தவணையைக் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், கட்டிய பிறகு பதில் வருவது கஷ்டம்.